பல்லி சொல்லும் பாட்டி கதை! கல்வராயன் பக்கத்திலிருந்து சில ‘தெரியுமா?’க்கள்

யானையின் தாய்வழி வம்சத்தைக் கண்டுபிடிக்க யானையின் கிட்டேயே போக வேண்டாம், பாதையில் அது போட்டுவிட்டுப் போன லத்தி போதும். தெரியுமா? குழம்பில் வெந்து மிதக்கும் கறி மானா, ஆடா என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். தெரியுமா? தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, இமயமலைக் காட்டாட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்று நூறாண்டுக்கு மேல் நம்பினோமே, அந்தச் சொந்தமே பொய்! அதுவாவது தெரியுமா?

இத்தனை ரகசியங்களையும் அவிழ்ப்பது உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. சாப்பாட்டிலிருந்து சக்தி எடுத்துத் தரும் நுண்ணுறுப்பு என்று பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்திருப்போம். அதற்கென்று சொந்தமாக ஒரு டி.என்.ஏ. இருக்கிறது என்பதைப் பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம்.

300 கோடி எங்கே, 16,569 எங்கே!

மனிதனின் உயிரணுக் கருவில் உள்ள டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள். மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதோ வெறும் 16,569. வளையம் போல மூடிய ஒரே இழை, அதில் 37 மரபணுக்கள். கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் சாங்கரின் ஆய்வகம் 1981இலேயே இதை முழுசாகப் படித்து முடித்துவிட்டது. கருவின் டி.என்.ஏ.வைப் படிக்க உலகமே திரண்டு அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் பாடுபட வேண்டியிருந்தது.

இவ்வளவு சின்னதை வைத்து என்ன செய்வது என்கிறீர்களா? சின்னதாக இருப்பதுதான் வசதி. கருவின் டி.என்.ஏ. ஓர் உயிரணுவில் இரண்டே நகல்; மைட்டோகாண்ட்ரியாவினுடையது நூற்றுக்கணக்கில், சில உயிரணுக்களில் ஆயிரக்கணக்கில். முன்னது பீரோவில் பூட்டிய நிலப்பத்திரம், பின்னது ஊரெல்லாம் ஒட்டிய திருவிழா நோட்டீஸ். மழை, வெயில், கரையான், நெருப்பு எல்லாம் தாண்டி எங்காவது ஒன்று மிஞ்சும். அதனால்தான் வேரில்லாத முடி, காய்ந்த தோல், எலும்புத்துண்டு, எச்சம் என்று மற்றவர்கள் கைவிடும் இடத்திலெல்லாம் இது கைகொடுக்கிறது.

எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? தென்னாப்பிரிக்காவில் குவாகா என்றொரு விலங்கு இருந்தது. முன்பாதி வரிக்குதிரை, பின்பாதி குதிரை மாதிரித் தோற்றம். கடைசிக் குவாகா 1883இல் ஆம்ஸ்டர்டாம் உயிரியல் பூங்காவில் செத்தது. நூறு வருஷம் கழித்து, 1984இல், அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரு குவாகாவின் தோலில் ஒட்டியிருந்த காய்ந்த தசையிலிருந்து 229 எழுத்துகளை அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்கள் படித்தார்கள். மைட்டோகாண்ட்ரியா எழுத்துகள்! அழிந்துபோன உயிரினம் ஒன்றின் டி.என்.ஏ. படிக்கப்பட்டது அதுவே முதல் முறை. தீர்ப்பு: குதிரையில்லை, வரிக்குதிரைதான்.

இன்னொரு விசேஷம், இது தாய்வழிச் சொத்து. அம்மாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து, அவளுக்கு அவள் அம்மாவிடமிருந்து என்று வருவது. அப்பாவின் விந்தணுவிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. ஆனால் கருமுட்டைக்குள் போனதும் அது அழிக்கப்பட்டுவிடும். ஆக, இதைப் படிப்பது என்றால் பாட்டிகளின் பாட்டிகளைத் தேடிப் போவதுதான்.

ஆயிரக்கணக்கான யானைகள், ஒரே பாட்டி வம்சம்!

உலகத்திலேயே ஆசிய யானைகள் மிக அதிகமாக ஒரே தொகுப்பாக வாழும் இடம் எது? நம் நீலகிரியும் அதையொட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளும்தான். அப்படிப்பட்ட பெருங்கூட்டத்தில் தாய்வழி வம்சங்கள் எத்தனை இருக்கும்? பத்து? இருபது?

ஒன்றே ஒன்று!

டி.என்.சி. வித்யா, பிரிதிவிராஜ் ஃபெர்னாண்டோ, டான் மெல்னிக், ஆர். சுகுமார் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இது. காட்டு யானைகளை மயக்க ஊசி போட்டுச் சாய்க்கவில்லை. லத்தியைத்தான் தேடினார்கள். யானையின் குடல் சுவரிலிருந்து உதிரும் உயிரணுக்கள் லத்தியின் வெளிப்பூச்சில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். லத்தி காய்வதற்குள் அதைச் சுரண்டி எடுத்துக் கெடாமல் காப்பாற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், கொரோனா காலத்தில் நம் மூக்கிலிருந்து எடுத்ததைப் பெருக்கினார்களே, அதே பி.சி.ஆர். முறையில் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் படிக்கலாம்.

சுமார் 15,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் எங்கே எடுத்துப் பார்த்தாலும் நீலகிரி யானைகளின் மைட்டோகாண்ட்ரியா வரிசை ஒன்றாகவே இருந்தது. எண்ணிக்கையில் குறைந்த ஆனைமலை, பெரியாறு யானைகளிடம் இதைவிட அதிக வேறுபாடு! எண்ணிக்கை பெரிது என்பதற்காக மரபு வளமும் பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல குட்டு.

அதைவிட ஆச்சரியம், நீலகிரி யானைகளும் ஆனைமலை யானைகளும் மரபு அளவில் தனித்தனி. நடுவே இருப்பது பாலக்காட்டுக் கணவாய், அகலம் சுமார் 40 கிலோமீட்டர்தான். சில நூறு சதுர கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாகச் சுற்றிவரும் மிருகத்துக்கு 40 கிலோமீட்டர் ஒரு தூரமா? தூரமில்லை. ஆனால் யானைக் குடும்பம் பாட்டி தலைமையில் நடப்பது. பெண் பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடும், வயசு வந்த ஆண்தான் வெளியேறும். ஆண் எவ்வளவு தூரம் போனாலும் அதன் மைட்டோகாண்ட்ரியா அதோடு முடிந்தது, குட்டிக்குப் போகாது. இந்த விஷயம் தெரியாமல் பிடித்த யானையை எந்தக் காட்டில் வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தால் அது மேஜையில் உட்கார்ந்து எடுத்த முடிவாகத்தான் இருக்கும்.

மலைக்கு மலை வேறு பல்லி!

இப்போது கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆன ஊர். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வளைவு வளைவாக ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் வடக்கே சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, தெற்கே பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. கடுக்காய், புளி, தேன், சாமை என்று வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மலை.

மேற்கே சேர்வராயன், தெற்கே பச்சைமலை, இன்னும் தள்ளிக் கொல்லிமலை, வடக்கே ஜவ்வாது. நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே நீலக்கோடு. நடுவில் ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் சமவெளி. பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் அடுத்த மலை வந்துவிடும். வால் நீங்கலாக நாலு சென்டிமீட்டரைத் தொடுவதே அரிதான ஒரு பாறைப்பல்லிக்கு அந்தச் சமவெளி எப்படி இருக்கும்? குளிர்ந்த பாறை இடுக்கும் மரநிழலும் இல்லாத வெயில்காடு. இந்த மலையில் பிறந்தது இந்த மலையிலேயே சாகும். அதன் பிள்ளையும் அப்படியே. இது லட்சக்கணக்கான வருஷம் நடந்தால்?

நடந்திருக்கிறது! 2022இல் இஷான் அகர்வால், தேஜஸ் தாக்கரே, அக்‌ஷய் காண்டேகர் மூவரும் சேர்வராயன் வட்டாரத்து மலைகளிலிருந்து ஒரே கட்டுரையில் ஐந்து புதிய பல்லி இனங்களை அறிவித்தார்கள். எல்லாம் நிமாஸ்பிஸ் என்ற ஒரே பேரினம். பச்சைமலையின் பெயரைத் தாங்கியது ஒன்று. ஆளைக் கண்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் பொந்துக்குள் பாய்ந்து மறையும் இன்னொன்றுக்கு நடிகர் ஜாக்கி சான் பெயர்! இவை நம் வீட்டுச் சுவர்ப் பல்லி போல ராத்திரியில் வேட்டையாடுபவை அல்ல. பகலில் நடமாடும். கண்மணியும் கோடாக இல்லாமல் உருண்டையாக இருக்கும்.

வெறும் புள்ளிகளையும் செதில்களையும் எண்ணி மட்டும் இவற்றைப் பிரிக்கவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் 37 மரபணுக்களில் ஒன்றான ‘என்.டி.2’ சாட்சி சொன்னது. உருவத்தில் அண்ணன் தம்பி போலத் தோன்றுபவை எழுத்துகளில் எவ்வளவோ தள்ளி நின்றன. இதே மரபணுவை வைத்து 2019இல் கொல்லிமலையின் பெயரில் ஒரு வீட்டுப்பல்லி வகையறாவும், சேலத்துச் சங்ககிரியின் பெயரில் இன்னொன்றும் அறிவிக்கப்பட்டன. சங்ககிரி! தீரன் சின்னமலைக்காக மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கும் அந்தக் கோட்டைக் குன்றின் பெயரில் ஒரு பல்லி!

இங்கே ஒரு சுவாரசியம். மலையாளிப் பழங்குடியினரிடம் ஒரு வழிவழிக் கதை உண்டு: காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து, ஆளுக்கொரு மலையாகத் தங்கினார்களாம். ஒரே வேரிலிருந்து கிளம்பி மலைக்கொரு கிளையானது என்ற கதையைப் பல்லிகளும் தங்கள் பாணியில் சொல்கின்றன. என்ன, பல்லி சொல்லும் கதையில் அண்ணன் தம்பிக்கு இடமில்லை, அக்கா தங்கை மட்டும்தான்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ‘கிழக்குத் தொடர்ச்சி மலைதானே, மேற்குத் தொடர்ச்சி போல என்ன இருக்கிறது?’ என்ற அலட்சியத்துக்கு இந்தப் பல்லிகளே பதில். ஒரு பல்லி ஒரே மலையில் மட்டும் வாழ்கிறது என்றால் அந்த மலையில் ஒரு கல்குவாரி, ஒரு காட்டுத்தீ, ஒரு சாலை விரிவாக்கம் போதும், இனமே முடிந்தது. புலிக்கு அடுத்த காடு உண்டு. இதற்கு அடுத்த பாறைகூட இல்லை.

வரையாடு வெள்ளாட்டுப் பக்கமா, செம்மறிப் பக்கமா?

நீலகிரி வரையாடு, இமயமலை தார், அரேபியத் தார் என்ற மூன்று காட்டாடுகளையும் ஒரே குடும்பத்து மக்கள் என்று ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் ரோபிகே, ஹசானின் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களையும் கருவின் மரபணுக்களையும் சேர்த்துப் படித்தார்கள். குடும்பம் மூன்றாக உடைந்தது! இமயமலைக்காரர் வெள்ளாட்டுப் பக்கம் போனார். அரேபியாக்காரர் வட ஆப்பிரிக்காவின் காட்டு ஆட்டோடு சேர்ந்தார். நம்ம வரையாடு செம்மறிப் பக்கம்! அதற்கென்றே நீலகிரிட்ராகஸ் என்று புதிய பேரினம் உருவானது.

பெயர் மாற்றம் ஏட்டோடு போகிற சங்கதியில்லை. உலகத்தில் அந்தப் பேரினத்துக்கு இருக்கும் ஒரே வாரிசு இதுதான். அது போனால் ஒரு வம்சமே போச்சு. தமிழ்நாட்டில் 2024இல் நடந்த கணக்கெடுப்பில் இருந்தவை 1,031.

இன்னும் ஆழமான வேர் வேண்டுமா? 2003இல் பிஜுவும் பொசுயிட்டும் இடுக்கியிலிருந்து அறிவித்த ஊதாத் தவளையின் மரபணு உறவினர்கள் எங்கே இருக்கிறார்கள்? இந்தியப் பெருங்கடல் நடுவே, செஷல்ஸ் தீவுகளில்! இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்துச் சொந்தம். அதன் தம்பி இனம் ஒன்று 2017இல் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவிலேயே அடையாளம் காணப்பட்டது.

கறித்துண்டு சாட்சி சொல்லும்

வேட்டை வழக்குகளில் பழைய பல்லவி ஒன்று உண்டு: ‘ஐயா, அது ஆட்டுக்கறிங்க.’ தோலும் கொம்பும் இல்லாமல் வெறும் கறியை வைத்துக்கொண்டு வனத்துறை என்ன செய்யும்? ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் லால்ஜி சிங்கும் வர்மாவும் 2003இல் ஒரு வழி சொன்னார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் பி மரபணுவில் ஒரு பகுதி, மானோ மயிலோ ஆமையோ எதுவானாலும் ஒரே ஜோடித் தூண்டிலில் சிக்கும். சிக்கியதைப் படித்தால் இனம் தெரிந்துவிடும். சமைத்த கறியும் உப்புக்கண்டமும்கூடத் தப்பாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளுக்கு இது பெரும் பலம்.

சிங்கப்பூரில் பிடிபட்டுத் திரும்பி வந்த நட்சத்திர ஆமைகள் இந்தியாவின் எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்று தேடியதும் இதே சி.சி.எம்.பி.தான். காப்பாற்றிய ஆமையைக் கண்ட இடத்தில் விட்டால் காப்பாற்றியதாகாதே!

எறும்புதின்னி கதை இன்னும் விநோதம். 2023இல் ஒரு புதிய எறும்புதின்னி இனத்தை அறிவித்தார்கள். அதன் உயிருள்ள உருவத்தை எந்த ஆய்வாளரும் பார்த்ததில்லை! கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த செதில்களில் ஒளிந்திருந்த டி.என்.ஏ.தான் மொத்த ஆதாரமும். நம் இந்திய விலங்கியல் ஆய்வு மையமும் சும்மா இருக்கவில்லை. 2025இல் வடகிழக்கிலிருந்து இன்னொரு எறும்புதின்னியை முழு மைட்டோகாண்ட்ரியா மரபுத்தொகுதியைப் படித்தே பிரித்துக் காட்டியது. சீன எறும்புதின்னியிலிருந்து அது பிரிந்து சுமார் 34 லட்சம் வருஷம் ஆகிறதாம்.

அட்டை குடித்த ரத்தமும் காற்றில் மிதக்கும் மீனும்

அட்டை கடித்தால் உப்பைத் தூவி உதறுகிறோம். வியட்நாம் காட்டில் 2012இல் 25 அட்டைகளைப் பிடித்து அவை குடித்திருந்த ரத்தத்தைப் படித்தார்கள். 21இல் பாலூட்டிகளின் மைட்டோகாண்ட்ரியா கிடைத்தது. கேமராவுக்கே அரிதாகச் சிக்கும் வரி முயல் அதில் இருந்தது! குடித்து நாலு மாதம் ஆன பிறகும் அட்டை வயிற்றில் டி.என்.ஏ. கெடுவதில்லை.

ஜப்பானில் ஒரு மீன் காட்சியகத்துத் தொட்டி நீரை மட்டும் மொண்டு, உள்ளே இருந்த 180 வகை மீன்களில் 168ஐச் சொன்னார்கள். மீன் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கோமுகி அணையில் ஒரு குடம் தண்ணீர் எடுத்தால் என்னென்ன பெயர் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்ணீரை விடுங்கள், காற்று! 2022இல் இங்கிலாந்திலும் கோபன்ஹேகனிலும் உயிரியல் பூங்காக் காற்றை வடிகட்டினார்கள். கோபன்ஹேகனில் 49 முதுகெலும்பு விலங்குகள் பெயர் கொடுத்தன. குளத்துக்குள் நீந்திய கப்பி மீன் உட்பட! தண்ணீருக்குள் இருக்கும் மீன் காற்றில் எப்படி வந்தது என்று அவர்களே அசந்துபோனார்கள்.

இயற்கைக்கு விதி என்றால் விளையாட்டு

மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியாக மட்டுமே வரும் என்று சொன்னேன் அல்லவா? சில கடல் மட்டிகளிடம் அது செல்லாது. அங்கே அப்பா தன்னுடையதை மகனுக்குக் கொடுக்கிறார்.

ஒரே வளையம் என்றும் சொன்னேன். சீலைப்பேனிடம் அது 18 குட்டி வளையங்களாகச் சிதறிக் கிடப்பதை 2009இல் கண்டார்கள். சால்மன் மீனின் தசையில் ஒட்டுண்ணியாக வாழும் ஒரு நுண் விலங்குக்கோ அந்த மரபுத்தொகுதியே கிடையாது! 2020இல் இதை அறிவித்தபோது விலங்கியல் பாடப்புத்தகத்தின் ஒரு வரியை அடிக்க வேண்டியதாயிற்று.

இதற்குள் ஒரு கவனமும் வேண்டும். அம்மா கதையை மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் தெரியும். 2023இல் புனே பக்கத்துப் புல்வெளிகளில் ஓநாயும் தெருநாயும் கலந்து பிறந்தவை உறுதி செய்யப்பட்டன. அப்படிப்பட்ட குட்டிக்கு அம்மா ஓநாய் என்றால், மைட்டோகாண்ட்ரியா கூசாமல் ‘நான் சுத்த ஓநாய்’ என்று சொல்லிவிடும். அப்பா நாய் என்பதைக் கருவின் டி.என்.ஏ.தான் காட்டிக்கொடுக்கும். அதனால் விவரம் தெரிந்த ஆய்வாளர்கள் இரண்டையும் கேட்டுத்தான் தீர்ப்பு எழுதுவார்கள். ஒரே ஒரு மரபணுவைப் படித்துவிட்டுப் புது இனம் என்று கொடி தூக்கும் கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

வேலியில் தொங்கும் பச்சைப் பாம்புக்கும் ஒரு பாட்டி உண்டு

கடைசியாக, கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிளுவை வேலியிலும் கொய்யா மரத்திலும் தொங்கும் பச்சைப் பாம்பு. கண்கொத்திப் பாம்பு என்று பார்த்த இடத்தில் கம்பைத் தூக்குகிறோமே, அதுதான். இந்தியா முழுக்கவும் இலங்கையிலும் இருப்பது ஒரே இனம் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அசோக் குமார் மல்லிக், கார்த்திக் சங்கர், சென்னையைச் சேர்ந்த பாம்பியலாளர் எஸ்.ஆர். கணேஷ் உள்ளிட்டோர் 2020இல் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். மைட்டோகாண்ட்ரியா, கருவின் மரபணு, மூக்கின் நீளம், செதில் என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தபோது ஒன்று பலவானது. பழைய பெயர் இலங்கைப் பாம்புக்கே போயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் குட்டை மூக்குக்காரர்கள் தனித்தனி இனம். நம் சமவெளியின் நீண்ட மூக்குப் பாம்பு வேறு இனம். அதற்கு முந்தின வருஷம் இதே குழு அகத்தியமலைப் பக்கம் கண்டெடுத்த இன்னொரு கொடிப்பாம்பு, தன் சொந்தங்களைப் பிரிந்து 2.6 கோடி வருஷம் ஆன ஒற்றை வாரிசு!

வேலியில் தொங்கும் அந்தப் பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தாது. பல்லியும் ஓணானும் தவளையும்தான் அதற்கு இரை. அதன் லேசான விஷம் அவற்றை மடக்கத்தான். மனிதரைக் கொல்லும் விஷமில்லை. அடுத்த முறை வேலியில் பார்த்தால் கம்பை எடுக்காதீர்கள், நாலடி தள்ளி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அதன் போக்கில் விட்டுவிடுங்கள். மலைப்பாதையில் செத்த பல்லியையோ உரித்த சட்டையையோ கண்டால் நீங்களாக எடுத்துப் பையில் போடாமல், இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பக்கத்து மலைகளில் ஒரே கட்டுரைக்கு ஐந்து இனம் கிடைத்திருக்கிறது. கல்வராயனையும் அப்படி ஒரு முறை பாறை பாறையாகத் தேடிப் பார்க்க வேண்டும். தாவரவியல், விலங்கியல் படிக்கும் கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளே, அந்த வேலைக்கு உங்களைவிடப் பக்கத்தில் இருப்பவர்கள் யாருமில்லை.